சாலைக்கு அந்தப் பக்கத்துக் குதிரை ராட்டினம்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. அலுவலக வேலையாக என் மேசைக்கு வந்தது. ஓர்லாண்டோவில் லான்டர்ன் பே என்ற கேளிக்கைப் பூங்காவில் பத்தொன்பது வருடமாக எழுதும் வேலையில் இருக்கிறேன். புதிதாகச் சேருபவர்களுக்கான பயிற்சிக் கையேடு, வரிசையில் நிற்பவர்களைச் சமாதானப்படுத்தும் பலகைகள், ஏதாவது நடந்துவிட்டால் சம்பவ அறிக்கை, எல்லாம் என் கைவேலை.

போன ஜூலையில், எங்கள் பயிற்சியாளர் நெரெய்தா கொத்தோவைப் பற்றி ஓர் அறிக்கை எழுதச் சொன்னார்கள். பன்னிரண்டு வரிக்குள் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். அதில் பொய் என்று ஒரு சொல்கூடக் கிடையாது. ஆனால் அதைப் படித்த எவருக்கும் அவளை வேலையிலிருந்து அனுப்பிவிடலாம் என்றுதான் தோன்றும். திரும்பப் படித்தபோது எனக்கே அப்படித் தோன்றியது.

அந்தப் பன்னிரண்டு வரியில் விட்டுப்போனதைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம், இது என் மொழி. இன்னொரு காரணம், எங்கள் மேலாளர்களில் யாருக்கும் இதைப் படிக்க வராது.

நெரெய்தாவுக்கும் வராதுதான். மதியச் சாப்பாட்டின்போது நான் வாய்விட்டுச் சொல்லச் சொல்லக் கேட்கிறாள். பச்சைத் துவரை போட்ட சோற்றை மென்றுகொண்டே, தாளில் விரலை வைத்து, "இந்த வட்டவட்டத்துல நான் எங்க இருக்கேன், எழுத்தாளரே?" என்கிறாள். அவள் பெயரைக் காட்டினேன். "இவ்வளவு குட்டியாவா?" என்றாள்.

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

ஒன்று: "வானம் இருண்டது, இடி..." விட்டுவிட்டேன். கோடை முழுக்க மதியம் மூன்று மணிக்கு இடிக்கும் ஊரில் இது செய்தியே இல்லை.

இரண்டு: "நெரெய்தா கொத்தோ, வயது ஐம்பத்தாறு, பிறந்த ஊர் பொன்ஸே, இருபத்திரண்டு வருடப் பணி, ஒருமுறைகூட..." இது பணிப்பதிவேடு. அதற்குத் தனி அலமாரி இருக்கிறது.

மூன்றாவது இதோ. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

நுழைவாயில் இயந்திரம் மூன்றாவது முறையாகச் சிவப்பு காட்டியது.

எதிரே நின்றவருக்கு எண்பது வயது இருக்கும். கையில் ஒரு ரோஜா நிற ஸ்வெட்டர். கழுத்தில் தொங்கிய வருடப் பாஸை நாலாவது முறையாக இயந்திரத்தில் வைத்துப் பார்த்தார்.

"காலையில பச்சையா எரிஞ்சுதும்மா," என்றார்.

நெரெய்தா அப்போது அன்றுதான் சேர்ந்த நான்கு பேருக்கு நுழைவாயிலில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். நீலச் சீருடை, பித்தளைப் பொத்தான்கள், பழங்காலத் தெருவிளக்கு ஏற்றுபவரின் உயரத் தொப்பி. பாஸை வாங்கிப் பார்த்தாள். மஞ்சள் அட்டை, மேலே மீன்கொத்திப் படம். எங்கள் பாஸ் இல்லை அது. கிங்ஃபிஷர் கோவ் என்ற எதிர்ப் பூங்காவுடையது.

"உள்ள யாரைப் பாக்கணும் சார்?"

"வெர்னாவ. என் பொண்டாட்டி. குதிரை ராட்டினத்துகிட்ட உக்காந்திருக்கா. நாடகம் பாத்தோம், ஏசி ஒத்துக்கல, குளிருதுன்னா. கார்லேர்ந்து ஸ்வெட்டர் எடுத்துட்டு வரேன்னு போனேன்."

எங்களிடம் குதிரை ராட்டினம் கிடையாது. அவர்களிடம்தான் உண்டு. வெளி வாகன நிறுத்தத்திலிருந்து இரண்டு பூங்காவுக்கும் இலவச வண்டிகள் போகும். மஞ்சள் வண்டி அவர்களுடையது, நீலம் எங்களுடையது. டில்லரி (அதுதான் அவர் பெயர், அஸா டில்லரி) நீலத்தில் ஏறியிருக்கிறார்.

இங்கே ஒரு குறிப்பு.

* எங்கள் கையேட்டின் விதி: போட்டிப் பூங்காவின் பெயரை விருந்தினர் முன்னால் உச்சரிக்கக் கூடாது. தவிர்க்க முடியாவிட்டால், "சாலைக்கு அந்தப் பக்கம்" என்று சொல்லலாம். இந்த வரியை எழுதியவன் நான். எழுதிய அன்று நயமாக இருப்பதாக எனக்கே பெருமை.

நெரெய்தா விதிப்படி பேசினாள். "நீங்க தேடற ராட்டினம் சாலைக்கு அந்தப் பக்கம் சார்."

அவர் நன்றி சொல்லித் திரும்பி, சாலையை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

ஆறு தடச் சாலை அது. பத்து மைலுக்குள் மின்னல் தெரிந்ததால் இலவச வண்டிகள் எல்லாம் நிறுத்தப்பட்டிருந்தன. நெரெய்தா பாதுகாப்புப் பிரிவைக் கூப்பிட்டாள். வளாகத்துக்கு வெளியே நாங்கள் வர முடியாது, எதிர்ப் பக்கத்துக்குப் போன் செய்யுங்கள் என்றார்கள். போன் செய்தாள். காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். டில்லரியின் போனோ அவர் மனைவியின் கைப்பையில். அவர் நடைபாதை விளிம்புக்கே போய்விட்டிருந்தார்.

"நாலு பேரும் இங்கயே நில்லுங்க. எங்கயும் நகரக் கூடாது," என்றாள்.

"இது தேர்வா மேடம்?" என்றது ஒரு குரல்.

"ஆமா," என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

வேலை நேரத்தில் இடத்தை விட்டுப் போகக் கூடாது. சீருடையோடு வளாகத்தைத் தாண்டக் கூடாது. விருந்தினரைத் தொடக் கூடாது. சாலை விளிம்பில் அவர் கையை அவள் பற்றியபோது மூன்றும் சேர்ந்தே போயின.

4

டில்லரியைப் பற்றி எனக்கு ரொம்ப நாள் சந்தேகம் இருந்தது. கதையில் வரும் வயதானவர் மனைவியைத் தேடுகிறார் என்றால் படிப்பவர் என்ன நினைப்பார்? பாவம், நினைவு தப்பிவிட்டது, அந்த அம்மா செத்து வருடமாகியிருக்கும் என்றுதான். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் பிரதியில் வெர்னாவைக் கொன்றுவிட்டேன். காலியான ராட்டினம், நனைந்த மரக்குதிரை, யாரும் போட்டுக்கொள்ளாத ஸ்வெட்டர் என்று இரண்டு பக்கம் எழுதி, நானே கண் கலங்கினேன்.

நெரெய்தாவிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அந்தம்மாவ ஏன் கொன்ன?"

"கதைக்கு..."

"போன வாரம்தான் எனக்குப் பீச் ஜாம் அனுப்புனாங்க. மூணு பாட்டில். அதுல ஒண்ணு நீ தின்ன."

அது உண்மை. ஆகவே வெர்னா உயிரோடு இருக்கிறார். அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்துவிட்டேன். டில்லரிக்கும் நினைவு ஒன்றும் தப்பவில்லை. வண்டி மாறி ஏறிவிட்டார், அவ்வளவுதான். எண்பது வயதுக்காரர் வழி தவறினால் அதற்குப் பின்னால் ஒரு சோகம் இருந்தே ஆக வேண்டும் என்று நினைத்தது என் குணக்கேடு.

(அவரை வேறு மாதிரி சந்தேகப்பட்டவர்களும் உண்டு. நுழைவாயிலில் விட்டுவந்த அந்த நான்கு பேர், டில்லரியைப் பயிற்சிக்காக அழைத்துவந்த நடிகர் என்றே நம்பினார்கள். ஒன்றரை மணி நேரம் நகராமல் மழையில் நின்றார்கள். மாலையில் நிரப்பிய கருத்துப் படிவத்தில் ஒருவர், "முதியவராக நடித்தவர் மிக இயல்பு, ஆனால் காட்சி கொஞ்சம் நீளம்" என்று எழுதியிருந்தார்.)

5

அரை மைல் நடந்தார்கள். நடப்பவர்களுக்கான விளக்கில் பச்சை மனித உருவம் வரும் வரை காத்திருந்து சாலையைக் கடந்தார்கள். கடந்து முடிப்பதற்குள் மழை கொட்டிவிட்டது. டில்லரி ஸ்வெட்டரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். நெரெய்தா தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

கிங்ஃபிஷர் கோவின் வாசலில் மஞ்சள் மழைக்கோட்டில் நின்றவன் வில்னேர் தெசீர்.

யார் என்று சொல்ல வேண்டும். வில்னேர் ஹைதிக்காரன். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அவனும் நெரெய்தாவும் ஒரே நாளில் லான்டர்ன் பேயில் சேர்ந்தார்கள். கிஸ்ஸிம்மியிலிருந்து ஒரே பேருந்து, ஒரே இருக்கை. இருவரும் பயிற்சியாளர்கள் ஆனார்கள். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, அவன் மஞ்சள் சட்டையோடு அந்தப் பேருந்தில் ஏறினான். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அவள் தடுத்துவிடுவாள் என்று பயந்தானாம். அன்றிலிருந்து அவள் முன் இருக்கை, அவன் பின் இருக்கை. பேச்சு கிடையாது. அந்தப் பேருந்தில்தான் நானும் போகிறேன்; இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து பதினோரு வருடம் கழுத்து வலித்தது எனக்குத்தான்.

"கிங்ஃபிஷர் கோவுக்கு..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தவன் தொப்பியைப் பார்த்து நிறுத்தினான்.

"நெரே."

"பேச வரல. இவரோட வீட்டம்மா ராட்டினத்துகிட்ட இருக்காங்க. கூட்டிட்டுப் போ. நான் திரும்பிடறேன்."

டில்லரி அவள் கையை விடவில்லை. "நீயும் வாம்மா. இந்த ஆள எனக்குத் தெரியாது."

"இந்தத் தொப்பியோட உன்னை உள்ள விட்டா என் தோலை உரிச்சிடுவாங்க, நெரே."

"எனக்கு அந்தப் பக்கம் ஏற்கெனவே உரிச்சாச்சு. சேர்ந்து காயவெச்சுக்கலாம்."

வில்னேர் ஒரு நிமிடம் மழையைப் பார்த்தான். பிறகு தன் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டான். "பொத்தானை மேல வரைக்கும் மாட்டு. தொப்பிய கோட்டுக்குள்ள வை."

"தொப்பிய கழட்ட மாட்டேன். விருந்தினர் முன்னாடி கழட்டக் கூடாது, அது எங்க விதி."

"மூணு விதிய மீறிட்டு இங்க வந்து நிக்கற."

"அதான் இதையாவது காப்பாத்தறேன். வழிய விடு. மஞ்சள் எனக்கு எடுக்கவே எடுக்காது, தெரியுமில்ல?"

"பதினோரு வருஷம் கழிச்சு இதுதான் சொல்லத் தோணுச்சா உனக்கு?"

அவள் கோட்டின் பொத்தானை மேல் வரை மாட்டினாள். அவன் பக்கத்தில்தான் நடந்தாள்.

6

ராட்டினம் நின்றிருந்தது. அதன் கூரைக்கடியில் ஒரு பெஞ்சிலிருந்து வெர்னா டில்லரி எழுந்து நின்றார். குள்ளமான அம்மா. குரல் மட்டும் உயரம்.

"எங்க போய்த் தொலைஞ்ச அஸா? ரெண்டு மணி நேரம். நாலு பேரு உன்னைக் குளத்துல தேடிட்டு இருக்காங்க."

"ஸ்வெட்டர் எடுக்கப் போனேன்," என்றார் டில்லரி. சட்டைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினார். தண்ணீர் சொட்டியது.

வெர்னா அதை வாங்கினார். பிழியவில்லை. அப்படியே தலைவழியாக மாட்டிக்கொண்டு, கைகளை நீவிவிட்டுக்கொண்டார். "இப்பத்தான் கதகதப்பா இருக்கு," என்றார்.

வில்னேர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். நெரெய்தா தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். எனக்கு இதைச் சொன்னபோது, "மூக்கு ஒழுகிச்சு, மழையினால," என்றாள்.

(என் முதல் பிரதியை நினைத்து வெட்கப்பட்டது இந்த இடத்தில்தான். ஒருத்தியைச் சாகடித்தும்கூட என்னால் இவ்வளவு நன்றாக எழுதியிருக்க முடியாது.)

7

ராட்டினத்தருகே நின்ற யாரோ படம் எடுத்துவிட்டார்கள். மறுநாள் எல்லார் போனிலும் அது இருந்தது. கீழே ஒரு வரி: "தலையில லான்டர்ன் பே, உடம்புல கிங்ஃபிஷர். இந்தம்மா எந்தப் பக்கம் வேலை பாக்கறாங்க?"

சிரிப்பதற்காகப் போட்டதுதான். எங்கள் அலுவலகத்தில் யாரும் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் பயிற்சி கொடுத்தவள் போட்டிப் பூங்காவின் ஊழியர் கோட்டில் நிற்கிறாள். எங்கள் முறைகளை அங்கே போய்ச் சொல்லிக்கொடுக்கிறாளோ என்று கேள்வி வந்தது. அப்போதுதான் என் பன்னிரண்டு வரி கேட்கப்பட்டது. வெளியேறிய நேரம், மீறிய விதிகள், அணிந்திருந்த உடை எல்லாம் எழுதினேன். ஸ்வெட்டரை எழுதவில்லை. அதற்கான கட்டம் படிவத்தில் இல்லை. "சாலைக்கு அந்தப் பக்கம்" என்ற என் வரிதான் அவரை நடக்கவைத்தது என்பதையும் எழுதவில்லை. அதற்குக் கட்டம் இருந்தது.

விசாரணையில் மனிதவளத் துறைத் தலைவர் கேட்டார்: "அந்தக் கோட்டை உங்களுக்குக் கொடுத்தது யாரு?"

"யாரும் குடுக்கல. கீழ கிடந்துச்சு. எடுத்துப் போட்டுக்கிட்டேன்," என்றாள் நெரெய்தா.

வில்னேரைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள். ஆனால் அதனால் விஷயம் திருட்டாக மாறியது. குறிப்பெடுத்துக்கொண்டிருந்த என் பேனா நின்றுவிட்டது.

அந்த நேரம் கதவு தட்டப்பட்டது. வரவேற்பிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்தார்கள். மஞ்சள் சீருடையோடு வில்னேர். லான்டர்ன் பே அலுவலகத்துக்குள் ஒரு மஞ்சள் சட்டை நுழைந்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"கோட்டு என்னோடது," என்றான். "காலருக்குள்ள என் பேரு தெச்சிருக்கு. நான்தான் போட்டுவிட்டேன்."

"இவன் பொய் சொல்றான்," என்றாள் நெரெய்தா.

"இவதான் பொய் சொல்றா."

"உன்னை யாரு இங்க வரச் சொன்னது?"

"உன்னை யாரு அங்க வரச் சொன்னது?"

தலைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அந்த இடத்தில் எழுந்து, அந்த விதியை எழுதியது நான் என்று சொன்னேன். சொன்னேன் என்றுதான் எழுத ஆசை. உண்மையில் உட்கார்ந்தபடி, பாதிக் குரலில், "ஒரு வரி விட்டுப்போச்சு" என்றேன். கேட்டார்கள். சொன்னேன். ஸ்வெட்டரையும் சொன்னேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நெரெய்தாவை வேலையிலிருந்து நீக்கவில்லை. இறுதி எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார்கள். "நான் செய்தது தவறு என உணர்கிறேன், இனி இவ்வாறு செய்யமாட்டேன்" என்று அதில் இருந்தது. வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் கையெழுத்துப் போட்டால் பழையபடி பயிற்சியாளர். போடாவிட்டால் கிளம்ப வேண்டியதுதான். என் விதி நீக்கப்பட்டதா என்று கேட்பீர்கள். பரிசீலனையில் இருக்கிறது.

வில்னேருக்கு அவன் பூங்காவில் பயிற்சித் தலைமைப் பதவி பறிபோனது. குதிரை ராட்டினம் இயக்க அனுப்பினார்கள்.

செவ்வாய்க்கிழமை நெரெய்தாவுக்கு இன்னொரு கடிதம் வந்தது. கிங்ஃபிஷர் கோவ் பூங்காவிலிருந்து. படத்தைப் பார்த்தோம், டில்லரி தம்பதி எங்களுக்கு எழுதிய கடிதத்தையும் படித்தோம், எங்களிடம் பயிற்சித் தலைமைப் பதவி ஒன்று காலியாக இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

காலியானது வில்னேரின் நாற்காலி.

8

அந்த வெள்ளிக்கிழமை வருவதற்குள் முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அவள் மஞ்சள் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறாள் என்று எழுதினேன். நெரெய்தா, "அவன் நாற்காலி சூடு ஆறுறதுக்குள்ள நான் போய் உக்காரணுமா? என்னைப் பத்தி அப்படித்தான் நினைக்கறியா?" என்றாள்.

நீலக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு இங்கேயே இருக்கிறாள் என்று எழுதினேன். "தப்புன்னு எழுதிக் குடுத்துட்டு மறுநாள் புதுப் பசங்களுக்கு என்ன சொல்லிக் குடுப்பேன்? கிழவரை ரோட்டுல விட்டுடுங்கன்னா?"

இருவரும் வேலையை உதறிவிட்டுச் சேர்ந்து சொந்தமாக ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்குகிறார்கள் என்று எழுதினேன். இதை இருவரிடமும் சேர்த்தே சொன்னேன். வில்னேர் ரொம்ப நேரம் சிரித்தான். "உன் கதையில யாருக்கும் வீட்டு வாடகை கிடையாதா?"

நான்காவது முடிவாக "பேருந்தில் போகும்போது இருவரும்..." என்று தொடங்கி, அந்த வாக்கியத்தை விட்டுவிட்டேன். ஐம்பது வயதுக்கு மேல் மறுபடி பேச ஆரம்பித்த இருவரைச் சேர்த்துவைக்க நான் யார்?

9

வியாழக்கிழமை காலை. ஏழு பத்துப் பேருந்து. விசாரணை முடிந்த நாளிலிருந்து இருவரும் மறுபடி ஒரே இருக்கையில்தான் உட்காருகிறார்கள். நான் பின்னால்.

"எடுத்துக்கோ நெரே," என்றான் வில்னேர். "நான் மனசாரச் சொல்றேன். எனக்கு ராட்டினம் பிடிச்சிருக்கு. குதிரைங்க எதிர்த்துப் பேசறதில்ல."

அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து திரும்பாமலே கேட்டாள்: "உங்க ஆளுங்களுக்கு முத நாள் முதல்ல என்ன சொல்லுவ?"

"ஏன்?"

"சொல்லு. அந்தப் பக்கம் என்னதான் சொல்லிக் குடுக்கறீங்கன்னு பாக்கறேன்."

வில்னேர் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். பயிற்சி அறையில் நிற்பவன் போல நிமிர்ந்தான். "யாராவது வழி கேட்டா, நின்ன இடத்துலேர்ந்து கைய நீட்டாதீங்க. அவங்களோட நாலு அடி நடங்க. அப்புறமா கைய நீட்டுங்க."

நெரெய்தா திரும்பிப் பார்த்தாள்.

"அது என் வரி."

"ஆமா."

"நான் சொல்லிக் குடுத்தது. ரெண்டாவது வருஷம். கழிப்பறைக்கு வழி கேட்ட அந்தப் பொண்ணு விஷயத்துல."

"ஆமா. பதினோரு வருஷமா அந்தப் பக்கம் உன் வரியத்தான் சொல்லிட்டு இருக்கேன். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது."

பேருந்து இரண்டு நிறுத்தம் தாண்டியது. பிறகு முழங்கையால் அவன் விலாவில் ஓர் இடி இடித்தாள். பதினோரு வருடக் கணக்குக்கு அது லேசான இடிதான், ஆனாலும் அவன் "ஆ" என்றான்.

மறுநாள், வெள்ளிக்கிழமை நண்பகல், அவள் எதில் கையெழுத்துப் போட்டாள் என்று எனக்குத் தெரியும். போட்டாளா இல்லையா என்பதும் தெரியும். எழுதட்டுமா என்று அவளைக் கேட்டேன்.

"வேண்டாம்," என்றாள். "உன் கதையப் படிக்கற ஆளுங்ககிட்ட கேளு, அவங்களா இருந்தா என்ன பண்ணுவாங்கன்னு. நான் பண்ணினது சரியா இல்லையான்னு எனக்கே இன்னும் தெரியல. யாராவது நல்லதா ஒண்ணு சொன்னா வந்து சொல்லு."

ஆகவே கேட்கிறேன். மேசைமேல் இரண்டு தாள்கள், ஒரு நீலம், ஒரு மஞ்சள். மணி பதினொன்றே முக்கால். பேனா உங்கள் பக்கம் இருக்கிறது.

நான் உங்களோடு நாலு அடி நடந்துவிட்டேன். இனி கையை நீட்டுகிறேன்.